மூன்றாவது கியர் கத்துகிறது, கியர்பாக்ஸை மாற்றிவிடலாமா?

சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. ஆறு கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸ். மீட்டரில் 4 லட்சம் கி.மீ. தாண்டிவிட்டது. வாங்கியதிலிருந்து கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே இல்லை. ‘அது மூடிய பெட்டி, எஞ்சின் மாதிரி உள்ளே எதுவும் எரிவதில்லை, ஆயில் ஏன் கெடப்போகிறது’ என்று நினைத்திருந்தாராம். நான்கு மாதத்துக்கு முன் பெட்டியின் பின்பக்க சீலில் கசிவு தெரிந்தது. சீலை மாற்றிய கையோடு, கிரவுனுக்கு (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரத்துக்கு) வாங்கி வைத்திருந்த 85டபிள்யூ-140 ஆயிலில் மூன்று லிட்டரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ‘கெட்டியான ஆயில் பழைய வண்டிக்கு நல்லது’ என்று நண்பர் சொன்ன யோசனை அது.

அதன் பிறகு, நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது ‘கர்ர்’ என்று கத்துகிறது. காலையில் அதிகம், ஓடிச் சூடானபின் குறைவு. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றும்போது சத்தமே இல்லை. நியூட்ரலில் நிற்கும்போது மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்து பார்க்காமலே, ‘மூன்றாவது போச்சு, ரீகண்டிஷன் செய்த பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம்’ என்கிறார். ஓட்டுநர் இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கமுள்ளவர். அவர் சம்பளத்தில் பிடிக்கலாமா, வண்டியை விற்றவரிடம் கேட்கலாமா, இருக்கிற பெட்டியோ புதிதாக வரும் பெட்டியோ நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

பெட்டியை இப்போது இறக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்த மூன்று லிட்டர் ஆயிலைத்தான் கை காட்டுகின்றன. மீதிப் பாதி என்ன என்பதைப் பெட்டியைக் கழற்றாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்குச் சில மணி நேரமும் புது ஆயிலின் செலவும் போதும். அதைச் செய்துவிட்டும் சத்தம் நிற்கவில்லை என்றால் பட்டறைக்காரர் சொல்வதை யோசிக்கலாம்.

முதலில் ‘மூடிய பெட்டி’ என்ற எண்ணத்தைப் பார்ப்போம். உள்ளே டீசல் எரிவதில்லை, புகைக்கரி சேர்வதில்லை, அது சரி. ஆனால் பல்லோடு பல் உரசும் இடத்தில் ஆயில் படலம் தாங்கும் அழுத்தம் மிக அதிகம். அந்தச் சூட்டில் ஆயில் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெடும். பாதுகாப்புக்காகச் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்கள் தீரும். தேய்மானப் பொடி அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்; பல மேனுவல் பெட்டிகளில் அதைப் பிடிக்க ஃபில்டர் கூடக் கிடையாது. போதாததற்குப் பெட்டி உண்மையில் மூடியதும் அல்ல. மேலே பிரீதர் என்ற சிறு மூச்சுத் துளை இருக்கிறது. சூடானால் காற்று வெளியே போகும், ஆறினால் உள்ளே வரும். வரும்போது ஈரமும் தூசியும் கூடவே வரும்.

ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே பதில் இல்லை. சமதளத்தில் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் நல்ல சிந்தெடிக் ஆயில் சில லட்சம் கி.மீ. தாங்கும் என்று தயாரிப்பாளரே அனுமதிக்கும் பெட்டிகள் உண்டு. அதே பெட்டி குவாரியிலோ மலைப்பாதையிலோ முழு லோடுடன் ஓடினால், அதுவும் மினரல் ஆயில் என்றால், அதில் சிறு பகுதிதான் கணக்கு. உங்கள் வண்டிக்குக் கையேடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு தகடோ பொறித்த எண்ணோ இருக்கும். அதைத் துடைத்துப் படம் எடுத்து, அந்தப் பெட்டியைத் தயாரித்தவரின் சேவை மையத்தில் கேட்டால் ஆயிலின் வகை, அளவு, இடைவெளி மூன்றும் கிடைக்கும். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடல் வண்டியில் வேறு வேறு பெட்டிகள் வந்திருக்கலாம். பழைய உரிமையாளர் பெட்டியையே மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கெட்டி ஆயில் ஏன் கத்த வைக்கிறது

‘பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்’ என்ற யோசனை ரொம்ப நாளாகச் சுற்றிவருகிறது. சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும் என்பதால் அதை நம்பவும் தோன்றும். விஷயம் என்னவென்றால், கியர் ஆயிலில் 90 என்ற எண்ணுக்கும் 140 என்ற எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 90 ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 140 ஆயிலுக்கு 24 முதல் 32.5 வரை. சூடான நிலையிலேயே இப்படி என்றால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வித்தியாசம் இன்னும் அதிகம்.

இப்போது உங்கள் மூன்றாவது கியருக்கு வருவோம். நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது, பெட்டியின் கீழே ஆயிலில் முங்கிச் சுற்றும் கவுண்ட்டர் ஷாஃப்ட்டும் அதோடு இணைந்த கியர்களும் வேகம் கூட வேண்டும். அப்போதுதான் மூன்றாவது கியரின் வேகமும் மேலே உள்ள மெயின் ஷாஃப்ட்டின் வேகமும் சமமாகும். சமமாக்குகிற வேலை சிங்க்ரோ ரிங்குடையது. அது கியரின் கூம்பு மேல் உட்கார்ந்து, நடுவில் உள்ள ஆயில் படலத்தை விலக்கி, உரசி, வேகத்தை ஏற்றுகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் இரண்டு இடைஞ்சல். படலம் சீக்கிரம் விலகாது. கவுண்ட்டர் ஷாஃப்ட்டையும் ஆயில் பிடித்து இழுக்கும். வேகம் ஏற வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. ஓட்டுநர் அவசரமாகத் தள்ளினால் பல்லும் பல்லும் மோதும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கவுண்ட்டர் ஷாஃப்ட் வேகம் குறைய வேண்டும், கெட்டி ஆயில் அந்த வேலைக்கு உதவியே செய்யும். ஏற்றும்போது சத்தமில்லை, இறக்கும்போது மட்டும் சத்தம், அதுவும் காலையில்தான் அதிகம் என்று நீங்கள் கவனித்து எழுதியது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிளட்ச் முழுதாக விடுபடாத கோளாறு என்றால் சத்தம் இப்படி ஒரு கியரில் ஒரு திசையில் மட்டும் வராது. முதல் கியரும் ரிவர்சும்தான் முதலில் தகராறு செய்யும்.

இன்னொன்று ஆயிலின் வகை. கிரவுனுக்குரிய ஆயில் பொதுவாக ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த ஜி.எல்.-5 தரம். கிரவுன் பற்கள் உருள்வதோடு வழுக்கிக்கொண்டும் ஓடுபவை. அந்த உரசலைத் தாங்க அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் நிறைய இருக்கும். சிங்க்ரோ ரிங் உள்ள பெட்டிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் கேட்பது ஜி.எல்.-4. ரிங் பித்தளை வகையாக இருந்தால், அதிகச் சூட்டில் அந்தச் சேர்மானம் அதை மெல்ல அரிக்கக் கூடும். இப்போதைய ஜி.எல்.-5 ஆயில்கள் பலவற்றில் இந்த அரிப்பைத் தடுக்கும் பொருளும் சேர்க்கிறார்கள், அதனால் நான்கு மாதத்தில் ரிங் கரைந்துபோயிருக்கும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் உரசிப் பிடிக்க வேண்டிய ரிங்குக்கு வழுக்கல் கூடிய ஆயில் கொடுத்தால் அது பிடிக்காது. கடைகளில் கிடைக்கும் ‘உரசலைக் குறைக்கும்’ டப்பா மருந்துகளும் இதே காரணத்தால் இந்தப் பெட்டிக்கு வேண்டாம். உங்கள் நண்பர் அடுத்து அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஜி.எல்.-4, 80டபிள்யூ-90 என்று ஊற்றிவிடக் கூடாது. சில கனரகப் பெட்டிகள் எஞ்சின் ஆயில் அளவுகோலில் 40, 50 என்று கேட்கும். எஞ்சின் ஆயிலின் 50-ம் கியர் ஆயிலின் 90-ம் ஏறக்குறைய ஒரே பாகுநிலைதான், இரண்டும் வேறு வேறு அளவுகோல். தகட்டில் உள்ள எண்ணுக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் சரி.

ஆயிலை இறக்கும்போது என்ன பார்க்க வேண்டும்

வண்டி கொஞ்ச தூரம் ஓடி ஆயில் சூடாக இருக்கும்போது, சமமான தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு இறக்குங்கள். கை சுடும், கவனம். முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது வந்த பிறகே கீழே உள்ள டிரெயின் பிளக்கில் கை வையுங்கள். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வராமல் வண்டியைப் படுக்கப் போட்ட பட்டறைகள் நிறைய.

டிரெயின் பிளக்கில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருப்பதை வழித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்மை போல வழுவழுவென்று, உறுத்தாமல் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். இத்தனை தூரம் மாற்றாத பெட்டியில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். நறநறவென்று உறுத்தினால் யோசிக்க வேண்டும். ஊசி மாதிரி சிம்போ, செதில் செதிலாக உரிந்த தகடோ, பல்லின் முனையோ கிடைத்தால் பேச்சே இல்லை, பெட்டியைத் திறந்தாக வேண்டும். செதில் பெரும்பாலும் பேரிங்கிலிருந்து உரிந்தது. மூலையுள்ள துண்டு பல்லிலிருந்து உடைந்தது.

பிறகு ஒரு வெள்ளை டப்பாவில் கொஞ்சம் ஆயிலை எடுத்து வெயிலில் ஆட்டிப் பாருங்கள். தங்க நிறத்தில் மினுமினுத்தால் பித்தளை ரிங் தேய்கிறது. மினுமினுப்பு இல்லை என்பதற்காக ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. மாலிப்டினம் பூசிய எஃகு ரிங், கார்பன் ரிங் போன்றவை பொன்னிறம் காட்டாது. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பெட்டி அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது.

வசதி இருந்தால், அதில் 100 மில்லி அளவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். இரும்பு கூடியிருந்தால் பல், பேரிங்; செம்பு கூடியிருந்தால் ரிங், வாஷர்; சிலிக்கான் கூடியிருந்தால் பிரீதர் வழியாகத் தூசி என்று ஓரளவு பிரித்துச் சொல்வார்கள். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவருக்கு ஒரு கியர்பாக்ஸ் பெரிய சொத்து, இந்தச் செலவு வீண் அல்ல.

பெட்டியை டீசல் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அதற்குப் பதிலாகச் சரியான ஆயிலை நிரப்பி, இரண்டு வாரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி நிரப்புங்கள். முதல் முறை இறக்கும்போது பெட்டிக்குள் தங்கிவிடும் பழைய கலவை இரண்டாவது முறையில் போய்விடும்.

நிரப்பும் அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் சரியாக நிற்க வேண்டும். விரலை உள்ளே விட்டு வளைத்து, ‘ஈரம் தட்டுகிறது, போதும்’ என்பது அளவு அல்ல. பெரிய கனரகப் பெட்டியில் ஓர் அங்குலம் குறைவு என்றால் கிட்டத்தட்ட 4 லிட்டர் குறைவு என்று அர்த்தம். அதிகமாக ஊற்றுவதும் தப்பு. பற்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், சீல் வழியாகக் கசியும். உங்கள் சீல் கசிந்தது என்றீர்களே, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? மூச்சுத் துளை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீலைத் தேடி ஆயில் வெளியேறும். புதுச் சீலும் கொஞ்ச நாளில் அதே கதிதான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வண்டி கழுவும்போது அழுத்தத் தண்ணீரை அந்தப் பக்கம் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

நியூட்ரல் இரைச்சல்

கிளட்சை மிதித்ததும் நிற்கும் சத்தம், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பாகங்களிலிருந்து வருகிறது: கிளட்ச் ஷாஃப்ட் பேரிங் அல்லது கவுண்ட்டர் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங். ஐடிலில் கியர்கள் லேசாகக் கடகடப்பது பல டீசல் வண்டிகளில் இயல்பு. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அது மறைந்துவிட்டால் விட்டுவிடலாம். ஆர்.பி.எம். ஏற ஏற ‘ஊ...’ என்று இரைச்சலும் ஏறினால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தும் ஓரளவு பிரிக்கலாம். உங்கள் பெட்டியில் டைரக்ட் கியர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியைப் பொறுத்து ஐந்தாகவோ ஆறாகவோ இருக்கும். டைரக்ட்டில் சுமை நேராகக் கடந்துவிடும், கவுண்ட்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றும். மற்ற கியர்களில் இரைந்து, டைரக்ட்டில் அடங்கினால் கவுண்ட்டர் ஷாஃப்ட் பக்கம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இரைந்தால் முன் பேரிங் அல்லது பின் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைந்தால் அந்தக் கியரின் பல். இந்தத் தகவலோடு பட்டறைக்குப் போனால் ‘மொத்தமாக மாற்றிவிடலாம்’ என்ற பேச்சே வேறு மாதிரி போகும்.

பெட்டிக்கு வெளியே உள்ளவற்றையும் ஒரு கை பாருங்கள். பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்துத் திருகி, மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸில் (ஷாஃப்ட்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டில்) ஆட்டம் இருந்தால், நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தால், அந்த அதிர்வு முழுவதையும் வாங்குவது பெட்டியின் பின் பேரிங்கும் பின் சீலும்தான். கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று அடைத்துக்கொண்டால் அந்த ஒன்று காய்ந்து உடையும். ஷாஃப்ட்டைக் கழற்றினால் இருபுறமும் கோடு போட்டுவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அதிர்வு புதிதாகக் கிளம்பும்.

பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால்

ஆயில் மாற்றி இரண்டு மூன்று வாரம் கழித்தும் மூன்றாவது கத்தினால், அல்லது காந்தத்தில் செதில் கிடைத்தால், உங்கள் முன் இரண்டு வழி. இருக்கிற பெட்டியைப் பிரித்து வேண்டியதை மாற்றுவது ஒன்று. ரீகண்டிஷன் பெட்டி வாங்குவது இன்னொன்று. நான் முதல் வழி பக்கம். காரணம், உங்கள் பெட்டியில் என்ன கெட்டது என்று கண்ணால் பார்த்து மாற்றுகிறீர்கள்; வாங்கும் பெட்டியில் எதை மாற்றினார்கள், எதற்குப் பெயின்ட் மட்டும் அடித்தார்கள் என்பது தெரியாது. பல் உடைந்து ஹவுசிங் வரை சேதம் என்றால், அல்லது வண்டியை நாள் கணக்கில் நிறுத்த முடியாத கட்டாயம் என்றால், இரண்டாவது வழி நியாயம். அப்போதும் மாற்றிய பாகங்களின் பட்டியலும், எத்தனை மாதம், எத்தனை கி.மீ. உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும். உங்கள் பழைய பெட்டியை அவர்கள் எடுத்துக்கொள்வார்களா, அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அதுவும் உங்கள் சொத்து.

பிரிக்கிறீர்கள் என்றால் ரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். அந்த ரிங் உட்காரும் கூம்பும், கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் ஸ்லீவின் பல்முனையும் தேய்ந்திருந்தால் புது ரிங் சில மாதம்தான். பெட்டி கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்த பிளேட்டை அப்படியே விட்டால், அதற்காக மறுபடி பெட்டியை இறக்கும் கூலி உங்கள் தலையில். வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், கூடுதல் செலவு வந்தால் கேட்காமல் செய்யக் கூடாது என்று சொல்லுங்கள், கழற்றிய பாகங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓட்டுநர், விற்றவர்

ஓட்டுநர் சம்பளத்தில் பிடிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சட்டப்படி அப்படிப் பிடிப்பது பல இடங்களில் செல்லாது என்பது ஒருபுறம். தொழில்நுட்ப ரீதியாகவும் உங்களிடம் ஆதாரம் இல்லை. 4 லட்சம் கி.மீ. ஓடிய பெட்டியில் எந்தத் தேய்மானம் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. தப்பான ஆயில் ஊற்றியது அவர் அல்ல. விற்றவர் விஷயமும் ஏறக்குறைய இதுதான். ஒப்பந்தத்தில் கியர்பாக்ஸைப் பற்றி எழுத்தில் ஏதாவது உறுதி இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், ஒன்றரை வருடம் கழித்து, நடுவில் வேறு ஆயில் ஊற்றிய பெட்டிக்காக வாதாடுவது கஷ்டம்.

ஆனால் ஓட்டுநரிடம் பேச வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓட டீசல் குடித்தே ஆக வேண்டும். மிச்சம் எந்தப் பக்கம் என்று அவரே கணக்குப் போடட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினால் இன்னும் மோசம். கவுண்ட்டர் ஷாஃப்ட் நின்றுவிடும். ஆயிலை வாரி மேலே இறைப்பது அதுதான். மேலே மெயின் ஷாஃப்ட்டோ சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரச் சுற்றளவு 3.2 மீட்டர், கிரவுன் விகிதம் 5 (ஷாஃப்ட் ஐந்து சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்தால், 80 கி.மீ. வேகத்தில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, மேலே ஆயில் வராமல். இதோடு பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸரும் பவர் ஸ்டியரிங்கும் நின்றுவிடும். அது உயிர் விஷயம், பெட்டியைப் பற்றிய பேச்சே அல்ல. பழுதான வண்டியைப் பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகும்போதும் உள்ளே இதே நிலைதான். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையோ ஆக்சிலையோ கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

அதே 80 கி.மீ. வேகத்தில் பயந்துபோய் மூன்றில் போட்டுக் கிளட்சை மிதித்தபடி வந்தால்? மூன்றின் விகிதம் 2.5 என்றால் கிளட்ச் பிளேட் 5,000 சுற்றைத் தாண்டும். பெரிய டீசல் எஞ்சின்களில் பலவற்றின் உச்ச வேகம் இதில் பாதிதான். எஞ்சின் ஐடிலில் இருப்பதால் மீட்டரில் எதுவும் தெரியாது. பிளேட்டின் லைனிங் பிய்த்துக்கொண்டு போன பிறகுதான் தெரியும். எந்தக் கியரில் ஏறும் மேடோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்ற பழைய வழக்கத்தை அவர் திரும்பப் பிடித்தால் போதும்.

மற்ற பழக்கங்கள் சின்னவை. கிளட்ச் பெடலில் கால் வைத்தபடி ஓட்டினால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றும், பிளேட் லேசாக வழுக்கிச் சூடேறும். கியர் கம்பின் மேல் கையை வைத்தபடி ஓட்டினால் உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் அந்த ஸ்லீவோடு உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வரும். லோடு வண்டியை இரண்டில் எடுக்கும் அவசரம் வேண்டாம், முதல் கியர் அதற்காகத்தான் இருக்கிறது. மூன்றுக்கு இறக்கும்போது, பெட்டி சரியாகும் வரையாவது, டபுள் கிளட்ச் போடச் சொல்லுங்கள்: மிதித்து நியூட்ரல், விட்டுவிட்டு லேசாக ஆக்சிலேட்டர், மறுபடி மிதித்து மூன்று. சிங்க்ரோ ரிங் செய்ய வேண்டிய வேலையை எஞ்சினே செய்துவிடும். ஏ.எம்.டி. (தானாகக் கியர் மாற்றும் பெட்டி) வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி: மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், அங்கே எரிவது கிளட்ச்.

சூட்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். மேனுவல் பெட்டியின் ஆயில் தொடர்ந்து 120 டிகிரியைத் தாண்டி ஓடக் கூடாது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியில் அதற்கு மீட்டர் இல்லை என்றால், விலை குறைந்த இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை நீண்ட மேடு ஏறி நின்றதும் பெட்டியின் அடியில் காட்டிப் பார்க்கலாம். ஹவுசிங்கின் வெளிச்சூடு உள்ளே உள்ள ஆயிலை விடக் குறைவாகவே காட்டும் என்பதை மனதில் வைத்து, எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், வழக்கத்துக்கு மாறாக ஏறும்போது தெரியும்.

இந்த வாரமே பெட்டியின் எண்ணைப் படம் எடுத்து, சரியான ஆயிலை வாங்கி, மேலே சொன்னபடி இறக்கிப் பாருங்கள். அதுவரை வண்டி ஓடலாம். ஆனால் மூன்று விஷயங்களில் எது நடந்தாலும் அந்த இடத்திலேயே ஓரம் கட்டிவிடுங்கள்: லோடில் கியர் தானாகத் தெறிப்பது, இரைச்சல் திடீரென ‘கடக் கடக்’ என்று அடிப்பாக மாறுவது, கியர் மாட்டிக்கொண்டு நியூட்ரலுக்கு வராமல் போவது. அப்படி நேர்ந்தால் பட்டறை வரை மெல்ல ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுத்துச் செல்லுங்கள்.